நைனா கண்டெடுத்த பந்து

என் மனைவியைப் பொறுத்தவரை கோல்ஃப் என்றால் ஞாயிற்றுக்கிழமை விடியும்போது புருஷன் வீட்டில் இருக்க மாட்டான் என்று அர்த்தம். அதைப் பல வருஷம் பொறுத்துக்கொண்டாள். ஒருநாள் நான் பெருமையாக, "இன்னிக்கி சாருக்கு நான்தான் கேடி" என்று சொன்னபோதுதான் சிரித்தாள்.

"இத்தினி நாளு டிரைவரா இருந்த. இப்போ கேடியாய்ட்டியா?"

ஆட்டக்காரரின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கிற ஆளுக்கு அதுதான் பெயர் என்று விளக்கினேன். அவள் கேட்கவில்லை. தெருவில் நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டு வந்தாள்.

எங்கள் ஊர் விஜயபுரம் பக்கம். சில வயல்களில் இந்த வரப்பு ஆந்திரா, அந்த வரப்பு தமிழ்நாடு. எங்கள் வம்சத்தில் யாருக்கும் நிலம் இருந்ததில்லை. என் அப்பாவை நாங்கள் நைனா என்போம்; அவர் வாழ்நாளில் பாதிக்கு மேல் அடுத்தவர் கொல்லையில் கூலிக்கு வேர்க்கடலை பிடுங்கினார். பிறகு குத்தகைக்கு எடுத்தார். கடைசியில்தான் சர்க்கார் கொடுத்த மேட்டு நிலம் கொஞ்சம் கைக்கு வந்தது. நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு சென்னைக்குப் போனேன். ஸ்ரீ சிட்டியில் தொழிற்சாலைகள் வந்தபோது திரும்பி வந்து, ஒரு ஜப்பான் என்ஜினீயருக்கு டிரைவராகச் சேர்ந்தேன்.

அவர் ஞாயிறு தவறாமல் சென்னைக்குப் போய் கோல்ஃப் ஆடுவார். ரொம்ப நாள் வரை நான் வண்டியிலேயே சீட்டைச் சாய்த்துத் தூங்கிவிடுவேன். ஒருநாள் அவருக்குப் பேசிவைத்திருந்த கேடி வரவில்லை. கண்ணாடியைத் தட்டி எழுப்பினார். பையை முதுகில் மாட்டிக்கொண்டு பின்னால் நடந்தேன். அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம்.

எது பிடித்தது என்று கேட்டால் ஒரு சம்பவத்தைத்தான் சொல்வேன். ஒரு மரத்தடியில் சாரின் ஷூ பட்டு பந்து ஒரு விரல் அளவு நகர்ந்துவிட்டது. மற்றவர்கள் வெகு தூரத்தில் இருந்தார்கள். என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. அவர் என்னிடம் ஒரு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, தன் அட்டையில் ஓர் அடியைக் கூட்டி எழுதிக்கொண்டார். நடுவர் இல்லாமலே ஒருவன் தன் தப்பைத் தானே எழுதிக்கொள்கிற ஆட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகு டி.வி.யிலும் பார்க்க ஆரம்பித்தேன். ஞாயிறு சாயங்காலம் மனைவிக்கும் மகளுக்கும் சினிமா வேண்டும், எனக்கு கோல்ஃப் வேண்டும். அந்தச் சண்டையில் எனக்கு இருந்த ஒரே துணை நைனா. எனக்காகத்தான் உட்கார்ந்தார், ஆட்டத்துக்காக இல்லை. இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. திரையில் பச்சை மட்டும்தான் தெரியும்.

"பந்து எங்கடா?"

"மேல போய்க்கினு இருக்குது நைனா."

"இவ்ளோ நெலத்த வச்சிக்கினு ஒரு செடி வெதைக்கல பாரு. தண்ணி எங்கேந்து வுடறானுங்க?"

திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் முதலில் வலது கண்ணுக்கு ஆபரேஷன் ஆனது. கட்டுப் பிரித்து வந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, டி.வி. முன்னால் நைனா திடீரென்று எழுந்து நின்றுவிட்டார்.

"அடேய், வெள்ளையா போவுது பாரு! எறங்குது, எறங்குது... தண்ணில வுழுந்துச்சி!"

மகள் கைதட்டினாள். சினிமா போகட்டும் என்று மனைவியும் விட்டுவிட்டாள். அன்றைக்கு நைனா கேட்டார்: "இத நேர்ல ஒரு தபா பாக்கணும்டா."

சாரிடம் சொன்னேன். உடனே, அழைத்து வா என்றார். அடுத்த வாரம் நைனா வெள்ளை வேட்டி, சட்டை, ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்து வந்தார். சார் அவரைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். நைனாவும் குனிந்தார். சார் மறுபடியும் குனிந்தார். யார் முதலில் நிறுத்துவது என்று இருவருக்கும் தெரியவில்லை.

நைனாவுக்கு நான் நிறைய புத்தி சொல்லியிருந்தேன். அடிக்கும்போது பேசக்கூடாது, முன்னால் நிற்கக்கூடாது, பீடி கூடாது. பந்தைத் தொடக்கூடாது என்று மட்டும் சொல்ல மறந்துவிட்டேன்.

ஆறு குழி வரை ஒரு குறையும் இல்லை. சற்றுத் தள்ளியே நடந்து வந்தார். அவ்வப்போது குனிந்து புல்லைத் தடவிப் பார்த்தார். ஏழாவதில் சார் அடித்த பந்து வலப்புறப் புதருக்குள் போய்விட்டது. சில நிமிஷங்களுக்குள் கிடைக்காவிட்டால் தொலைந்ததாகக் கணக்கு. சார், அவரோடு ஆடிய மூன்று பேர், கேடிகள், நான், எல்லோரும் குச்சியால் விலக்கிக்கொண்டு தேடினோம். கிடைக்கவில்லை.

"கெடைச்சிடுச்சிடா!"

திரும்பினோம். நைனா பந்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு புதரிலிருந்து வந்தார். வரும்போதே வேட்டியில் துடைத்தார். முகமெல்லாம் சிரிப்பு. எட்டுப் பேர் தேடிக் கிடைக்காததை, புதுக் கண்ணால் அவர் கண்டுபிடித்துவிட்டார்.

விளையாட வந்தவர்களில் ஒருவர் 'ச்சு' கொட்டினார். கேடி ஒருவன் சிரித்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"யோவ், அறிவு இல்ல உனக்கு? எவன் உன்ன எடுக்கச் சொன்னான்? வாயப் பொத்திக்கினு நிக்க மாட்டியா?"

அதுவரை நான் நைனாவை 'யோவ்' என்று கூப்பிட்டதில்லை. எங்கள் ஊரில் நிலம் வைத்திருக்கிற கொல்லைக்காரர்கள் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

தூக்கிய கை கீழே இறங்கியது. பந்தை எங்கே வைப்பது, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார். சார்தான் அருகில் போய், எங்கே இருந்தது என்று கையால் சைகை காட்டிக் கேட்டார். நைனா திரும்ப நடந்து, புதரோரம் முழங்கால் போட்டு உட்கார்ந்து, புல்லை விலக்கி ஒரு கோரைச் செடியின் அடியைத் தொட்டுக் காட்டினார். அந்த இடத்தில் ஒரு சின்னக் குழி இருந்தது. சார் பந்தை அங்கேயே வைத்தார். ஆட்டத்தில் இல்லாத ஓர் ஆள் பந்தை எடுத்துவிட்டால், இருந்த இடத்தில் திரும்ப வைத்து ஆடலாம். தண்டனை எதுவும் கிடையாது. அந்த விதி எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும்தான் கத்தினேன்.

சார் நைனாவுக்குக் கை கொடுத்தார். நைனா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நான் வண்டில உக்காந்துக்கினு இருக்கேன்." அவ்வளவு பெரிய பச்சையில் தனியாக நடந்து போனார்.

வீட்டில் மனைவி நைனாவிடம் ஆசையாகக் கேட்டாள். "எப்பிடி கீது மாமா?"

"நல்லா கீதும்மா. புல்லு நல்லா வளக்கிறானுங்க." அவ்வளவுதான் சொன்னார்.

அடுத்த ஞாயிறு நான் டி.வி.யைப் போட்டதும், துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. மனைவி கவனித்துக் கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நாலு பேரு முன்னாடியா?"

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அப்பனிடம் மகன் அப்படிக் கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. சாப்பாடு, உரம், மழை என்று எல்லாம் பேசினோம். மாதங்கள் போயின.

இடது கண் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். திருப்பதிக்கு நான்தான் கூட்டிப்போனேன். டாக்டரம்மா இளம் வயது. வலது கண்ணில் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "பெத்தாயனா, பாக கனிபிஸ்தோந்தா?" என்றார். நன்றாகத் தெரிகிறதா என்று.

நைனா நிமிர்ந்து உட்கார்ந்தார். தெலுங்கும் தமிழுமாகச் சொல்ல ஆரம்பித்தார். சென்னையில் ஒரு பெரிய மைதானம், மகன் அழைத்துப் போனான், ஒரு பந்து புதரில் போய்விட்டது, எட்டுப் பேர் தேடினார்கள், ஒருத்தருக்கும் தெரியவில்லை, எனக்குத்தான் தெரிந்தது. டாக்டரம்மா சிரித்துக்கொண்டே கேட்டார். நான் அருகில் நின்றேன். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். தரையைப் பார்த்துக்கொண்டேன்.

"அந்த சப்பான் சாரு எனக்கு கை குடுத்தாரும்மா," என்று முடித்துக்கொண்டார் நைனா.

என்னை அதில் அவர் சேர்க்கவே இல்லை.

வெளியே ஓர் ஓட்டலில் இட்லி வாங்கி வைத்தேன். அவர் பிட்டு வாயில் போடும்போது சொன்னேன்.

"நைனா, அன்னிக்கி நான் அப்பிடி கத்தியிருக்கக் கூடாது."

மென்றுகொண்டே என்னைப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடிக்குள் கண் தெரியவில்லை.

"ஆமா," என்றார். "கத்தியிருக்கக் கூடாது." தண்ணீர் குடித்தார். "பந்த எடுக்கக் கூடாதுனு எனக்குத் தெரியாதுடா. தெரிஞ்சா எடுப்பனா?"

"நான்தான் சொல்லல."

"துன்னு. ஆறிப்போவுது."

என் கண்ணில் நீர் வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சினேன். அவர் இன்னொரு இட்லிக்குச் சட்னி கேட்டார்.

ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு மாதம், வேளா வேளைக்குக் கண்ணில் மருந்து விட வேண்டும். என் மனைவி விடுகிறேன் என்றாள். நானே விட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளுக்கு வேறு டிரைவரைப் பார்த்துக்கொள்ளும்படி சாரிடம் சொன்னேன். அவர் காரணம் கேட்டார். சொன்னதும், "குட்" என்று தலையசைத்தார். கட்டிலில் நைனா மல்லாந்து படுத்திருப்பார். நான் இமையை விரித்துப் பிடித்து ஒரு சொட்டு விடுவேன். அவ்வளவு அருகில் அவர் முகத்தைப் பெரியவனான பிறகு நான் பார்த்ததில்லை.

நைனா அதற்குப் பிறகு ஒருமுறைகூட டி.வி.யில் கோல்ஃப் பார்க்க உட்காரவில்லை. நான் கூப்பிட்டேன். வேலை இருக்கிறது என்றுவிடுவார். நானும் வற்புறுத்தவில்லை. மைதானத்துக்கு வரும்படி சாரே சொல்லி அனுப்பினார்; கால் வலிக்கிறது என்றார். கோபம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பச்சை அவருக்கு வேண்டாததாகிவிட்டது, அதைச் செய்தவன் நான்.

சார் ஊர் திரும்பும் முன் எங்கள் வீட்டுக்கு வந்தார். நைனா அவரை மேட்டு நிலத்துக்கு அழைத்துப் போய், ஒரு செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, பச்சைக் கடலையை உரித்துக் கையில் கொடுத்தார். இருவரும் வரப்பில் நின்று சாப்பிட்டார்கள். ஒருவர் பேசுவதை மற்றவருக்குப் புரியும்படி சொல்லலாம் என்று நான் பக்கத்தில் நின்றேன். அவர்கள் எதுவும் பேசவில்லை.