கல் குத்தாத கால்

கூடத்து வெள்ளை டைல்ஸில் சிவப்புப் புள்ளிகளை முதலில் பார்த்தது என் மனைவி மலர். பூஜை மாடத்திலிருந்து குங்குமம் சிந்தியிருக்கிறது என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்திருக்கிறாள். துடைக்கத் துடைக்க அது குளியலறை வாசல் வரை போனது. அங்கிருந்து திரும்பி, நான் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த இடத்தில் வந்து நின்றது.

"என்னாங்க, காலத் தூக்குங்க."

தூக்கினேன். வலது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே, காசளவுக்கு ஒரு பள்ளம். ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. மலர் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு வலி என்று எதுவுமே இல்லை. காபியில் சர்க்கரை போடாமல் விட்டாளே என்ற வருத்தம் மட்டும்தான் இருந்தது.

சர்க்கரை நோய் வந்து, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக நடக்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நடக்காதீர்கள் என்று சொல்வதற்காக அல்ல. கடைசிவரை படியுங்கள்.

எனக்கு உடற்பயிற்சி என்றாலே வேப்பங்காய். கீழ்பென்னாத்தூரில் விதைக்கடை வைத்திருக்கிறேன். காலையில் உட்கார்ந்தால் கடை சாத்தும்போதுதான் எழுந்திருப்பேன். சர்க்கரை ஏறிக்கொண்டே போனபோது டாக்டரம்மா சொன்னார்: "மாத்திர பாதி வேலதான் சார் செய்யும். மீதிய நீங்கதான் நடந்து முடிக்கணும்." பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் நல்ல ஷூ ஒன்றை வாங்கி அனுப்பினாள். வேங்கிக்காலில் எங்கள் வீட்டிலிருந்து கலெக்டர் ஆபீஸ் வரை போய் வருவேன். மூச்சு வாங்கும், தொடை உரசும், சட்டை தெப்பமாக நனையும். எதிரே வருகிறவர்கள் "என்னாண்ணே, சுகரா?" என்று துக்கம் விசாரிப்பார்கள். நடப்பது ஆனந்தம் என்று சொன்னவன் கையில் கிடைத்தால் உதைக்க வேண்டும் போலிருக்கும். மழை தூறினால் ஊரிலேயே முதலில் சந்தோஷப்படுகிறவன் நான்தான். சீக்கிரமே ஷூ கட்டிலுக்கடியில் போய்ச் சேர்ந்தது.

மலர்தான் வழி கண்டுபிடித்தாள்.

"சும்மா நடக்கறதுதான கசக்குது? மலைய சுத்தலாம் வாங்க. புண்ணியமும் ஆச்சு, சுகரும் கம்மியாவும்."

செங்கம் ரோட்டில் வண்டியை நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினோம். மலை சுற்றும் கிரிவலப் பாதையில் யாராவது செருப்புப் போடுவார்களா? "வெறுங்கால்ல எங்கயும் நடக்காதீங்க" என்று டாக்டரம்மா சொன்னது எங்களுக்கு மறக்கவில்லை. அது தெருவுக்கும் வயலுக்கும்தான், மலைக்குப் பொருந்தாது என்று நாங்களே தீர்ப்புச் சொல்லிக்கொண்டோம். முதல் நாள் பாதையோரத்து அக்னி லிங்கம் கோயிலைத் தாண்டியதுமே "திரும்பிடலாமா?" என்று கேட்டேன். மலர் காது கேட்காதவள்போல் போய்க்கொண்டே இருந்தாள். பிறகு எமலிங்கம் வரை போனோம். பிறகு நிருதி லிங்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் முழு மலையும்.

பிடித்துப்போனது. நடை பிடித்ததா, மலரோடு நடப்பது பிடித்ததா என்று இன்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் பால், கேஸ் சிலிண்டர், மகளின் படிப்பு. அவள் இவ்வளவு கேலி பேசுவாள் என்று அந்தப் பாதையில்தான் தெரிந்தது. எங்களைத் தாண்டிப் போகிறவர்களின் நடையை அப்படியே நடந்து காட்டுவாள். சிரித்துச் சிரித்து எனக்கு மூச்சு முட்டும். பள்ளிக்கூடத்தில் அவள் ஓட்டப்பந்தயத்தில் ஓடியவளாம்.

"இத்தன வருஷமா சொல்லவே இல்லயே?"

"நீங்க எப்பக் கேட்டீங்க?"

ஆரம்பத்தில் சின்னக் கல்லும் குத்தியது. போகப் போகக் குத்துவது குறைந்தது. ஒரு வருடத்தில் நின்றே போனது. வெயில் ஏறிய தாரில் மலர் "ஸ்ஸ்" என்று குதிகாலை ஊன்றி ஓரம் தேடுவாள். நான் நடுவில் வீரனாட்டம் போவேன்.

"பழகிடுச்சு மலரு. மல நம்மள ஏத்துக்கிச்சு."

"உங்க பக்தி எனக்கு வராதுப்பா" என்பாள். பெருமையாகத்தான் சொல்வாள். உடம்பைக் கொண்டு வாழ்க்கையில் முதன்முறையாக ஒன்றைச் சாதித்துவிட்டேன் என்று நானும் நம்பினேன்.

அந்தச் சாதனைக்கு மருத்துவத்தில் நியூரோபதி (நாள்பட்ட சர்க்கரையால் நரம்பு கெட்டு, பாதம் உணர்விழந்துபோவது) என்று பெயர். ரத்தம் கண்ட அன்று டாக்டரம்மா நைலான் இழை போன்ற ஒன்றைக் கையில் எடுத்தார்.

"கண்ண மூடிக்கோங்க சார். தொடறப்பல்லாம் சொல்லுங்க."

மூடிக்கொண்டு காத்திருந்தேன். எப்போது தொடப்போகிறார் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மலர் விசும்பும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தேன். டாக்டரம்மா இரண்டு பாதத்தையும் தொட்டு முடித்து, அந்த இழையை மேசைமேல் வைத்துக்கொண்டிருந்தார்.

கால் உள்ளுக்குள் கெட்டிருந்தது. புண்ணுக்குள் ஒரு ஜல்லித் துண்டு இருந்தது. எத்தனை நாள் அதன்மேல் நடந்தேனோ தெரியாது. ஆஸ்டியோமைலைட்டிஸ் (எலும்புக்குள் சீழ் பிடிப்பது) என்றார்கள். வேலூரில் சேர்த்தார்கள். முதலில் பெருவிரல் போனது. அதோடு நிற்கவில்லை. மற்ற விரல்களோடு முன்பாதத்தையும் எடுக்க வேண்டியிருந்தது.

கட்டுப் பிரித்த அன்று அறுவை மருத்துவரிடம் கேட்டேன்: "நடக்க முடியுங்களா?"

"தாராளமா. அளவெடுத்துச் செஞ்ச செருப்புப் போட்டு, கொஞ்ச கொஞ்ச தூரம். நீள நட இந்தக் காலு தாங்காது. வெறுங்கால் இனிமே கெடையாது. வீட்டுக்குள்ளயும்."

"மலைக்குங்க?"

"மலைக்கும்தாங்க."

விரல்கள் போனதற்கு நான் அழவில்லை. மலை போனதற்குத்தான் அழுதேன். சின்னப் பிள்ளை மாதிரி, வார்டே திரும்பிப் பார்க்க அழுதேன். மலர் என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இப்போது எம்.சி.ஆர். செருப்பு (பாதத்தை அழுத்தாத மெத்தென்ற ரப்பரில் செய்வது) போட்டுக்கொண்டு கூடத்தில் நடக்கிறேன். சுவரிலிருந்து சுவருக்கு. பழைய வெறுப்பு அப்படியே திரும்பி வந்துவிட்டது. செருப்போடு ஆட்டோவில் மலை சுற்றலாமே, சாமி கோபிக்காது என்கிறார்கள். சாமி கோபிக்காது என்று எனக்கும் தெரியும். நான் இழந்தது வேறு.

இல்லாத பெருவிரல் சில நாள் வலிக்கிறது. பேன்டம் வலி (எடுத்துவிட்ட உறுப்பில் தோன்றும் வலி) என்கிறார்கள். இருந்தபோது ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்துவிட்டு இப்போது வலிக்கிறது. உங்கள் கால் வலித்தால் சலித்துக்கொள்ளாதீர்கள். வலிப்பது நின்றுபோனால் அன்றைக்கே மருத்துவரிடம் ஓடுங்கள்.

மலர் மலைக்குப் போவதை விட்டுவிட்டாள். "நீங்க இல்லாம அங்க எனக்கு என்னா வேல?" என்றாள். அவளுக்கும் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. என்னைப் போல் அவளும் ஆகிவிடக் கூடாதென்று நச்சரித்துக்கொண்டே இருந்தேன். போன ஞாயிறு காலை, அரை மனதாகக் கிளம்பினாள்.

அவள் போன பிறகு கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. இந்நேரம் அக்னி லிங்கம், இந்நேரம் எமலிங்கம் என்று வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். மூச்சு வாங்கும்போது உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். என் நேரம் இப்போது அவள் காலில்தான் ஓடுகிறது.

வெயில் ஏறி வந்தாள். நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினாள். நான் மெல்லத் தரையில் உட்கார்ந்து அவள் பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஐயோ, என்னாங்க இது, கால்ல போய் கை வெக்கிறீங்க. எனக்குப் பாவம் சேரும், விடுங்க."

விடவில்லை. பாதம் சிவந்து சூடாக இருந்தது. பொடிக்கற்கள் அழுத்திய பள்ளங்கள் இன்னும் மறையவில்லை. கட்டைவிரலால் ஒன்றின்மேல் தொட்டேன்.

"இங்க வலிக்குதா?"

"ம்."

"இங்க?"

"ஸ்ஸ்... அங்கதான் ஜாஸ்தி. எமலிங்கத்தாண்ட ஜல்லி கொட்டி வெச்சிருக்கானுங்க."

அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன். "அப்புறம்?"

அவள் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். ஆனாலும் சொன்னாள். திருப்பத்தில் தார் கொதித்தது, நிருதி லிங்கத்தில் ஒரு முள், அதற்கப்பால் நல்ல நிழல். நான் கண்ணை மூடிக்கொண்டு அவள் பாதத்தை ஒவ்வோர் இடமாகத் தொட்டுக்கொண்டே வந்தேன். தொட்ட இடத்திலெல்லாம் அவளுக்கு வலித்தது.

"போதுங்க" என்றாள்.

"இன்னும் பாதி மல இருக்குது. சொல்லு" என்றேன்.