முப்பத்தொன்பதரையும் நூற்று மூன்றும்

அவரை எல்லோரும் 'கூலிங்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஏசி மெக்கானிக். அடுக்குமாடிகளின் வெளிச்சுவரில் தொற்றிக்கொண்டு வேலை பார்த்தே பாதி ஆயுள் ஓடிவிட்டது. இருபத்திரண்டில் வையுங்கள், இருபத்துநாலில் வையுங்கள் என்று சொல்லிச் சொல்லி, அவருக்கு உலகமே செல்சியஸ்தான்.

மாமியார் வேறு கட்சி, ஃபாரன்ஹீட் கட்சி. தையல் மெஷினை மிதித்தே மூன்று பிள்ளைகளைத் தனியாளாக வளர்த்தவர். யார் நெற்றி சுட்டாலும் பாதரச தெர்மாமீட்டரை உதறிவிட்டு நாக்கடியில் வைப்பார். தொண்ணூற்றெட்டரை என்றால் பள்ளிக்கூடம். நூறைத் தாண்டினால் டாக்டர்.

மகள் வீட்டோடு அவர் வந்து பல மாதமாகியும் மருமகனோடு பேச்சு ஒட்டவில்லை. "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?" "ஆச்சு அத்தை." அதோடு சரி. சண்டையெல்லாம் இல்லை, இருவருக்கும் கூச்சம்.

மனைவி ஆபீஸ் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தபோது, மத்தியானம் வீட்டுக்கு வந்த கூலிங், மாமியார் இரண்டு போர்வைக்குள் சுருண்டு கிடப்பதைப் பார்த்தார். உடனே மருந்துக்கடைக்கு ஓடி ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கிவந்து வைத்தார்.

"எவ்வளவு?"

"முப்பத்தொம்பதரை, அத்தை."

"பாத்தீங்களா, நாப்பதைக்கூடத் தொடல. நூறு தாண்டினாத்தானே ஜுரம்? நீங்க வேலைக்குக் கிளம்புங்க." சொல்லும்போதே பல் தந்தியடித்தது.

"அத்தை, ஒரு ரூம் இந்தச் சூட்டுல இருந்தாலே என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க. இது உடம்பு!"

"என் கணக்குல சொல்லுங்க, நம்பறேன்."

பள்ளியில் படித்த சூத்திரம் எப்போதோ காற்றோடு போயிருந்தது. தெர்மாமீட்டரைக் கழுவித் தன் நாக்கடியில் வைத்துப் பார்த்தார்: முப்பத்தாறரைக்குப் பக்கம். மூன்று டிகிரி வித்தியாசம்! அப்போதுதான் பொறி தட்டியது. சில ஏசி ரிமோட்டில் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் கணக்கு மாறுமே! இதிலும் அழுத்திப் பிடித்தார். மாறியது. கழுவித் துடைத்து மறுபடி மாமியாருக்கு வைத்தார். நூற்று மூன்று.

மாமியார் கண்ணாடியைத் தேடிப்பிடித்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நூத்தி மூணா! ஐயையோ, இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

போர்வையோடு எழுந்து வந்து, கேஸ் சிலிண்டரும் செம்புக் குழாயும் கிடந்த வேனில் மறுபேச்சில்லாமல் ஏறிக்கொண்டார்.

சிறுநீரகத்தில் தொற்று என்றார் டாக்டர். "இன்னைக்கே கூட்டிட்டு வந்தது நல்லதாப் போச்சு. விட்டிருந்தா ரத்தத்துல கலந்திருக்கும்." கூலிங் அன்று வேலைக்கே போகவில்லை. துண்டை நனைத்து நனைத்து நெற்றியில் போட்டபடி கட்டிலருகே உட்கார்ந்திருந்தார்.

ஜுரம் இறங்கியதும் மாமியார் கண் திறந்தார். ஏசித் தகடு கிழித்துத் தழும்பேறிய மருமகன் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நீங்க நல்லா இருக்கணும், மாப்பிள்ளை."

கூலிங் மறு கையால் போர்வையை இழுத்துவிட்டார். தாய் முகம் அறியாமல் வளர்ந்தவர் அவர். நான் சொன்னதை நம்பி வேனில் ஏறினார்களே, அதற்கு நானல்லவா கும்பிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் காலையில் அவர் செருப்பு மாட்டும்போதே குரல் வரும்.

"வெளியே எவ்வளவு, மாப்பிள்ளை?"

"முப்பத்தாறு, அத்தை. உங்க கணக்குல தொண்ணூத்தேழு."

"அடேங்கப்பா! வெயிலுக்கு உங்க கணக்கே இருக்கட்டும். கேக்கவாவது குறைச்சலா இருக்கு."