அம்மை கண்ட வீட்டுச் சேலை

கொரோனா வந்தபோது ஆளாளுக்கு எனக்குக் கை கழுவக் கற்றுக் கொடுத்தார்கள். வாசலில் வேப்பிலை கட்டினார்கள், மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள், அந்தக் காலத்திலேயே நம்மவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று பேசினார்கள். அந்தக் காலத்தில் அந்தத் தண்ணீரைச் சுமந்தவள் நான். எது தெரிந்தது, எது தெரியவில்லை என்று என்னைக் கேட்டிருக்கலாம். ஒருவரும் கேட்கவில்லை.

ஐம்பதுகளின் கடைசியில், ஒரு பங்குனியில், என் கொழுந்தனுக்குப் பெரியம்மை கண்டது. சிவகாசியில் வீடு. மாமியார், நான், கல்யாணமாகாத கொழுந்தன், கைப்பிள்ளையாக என் மகள். வீட்டுக்காரருக்குச் சாத்தூரில் தீப்பெட்டி ஆபீசில் வேலை. எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். தம்பிக்கு அம்மை என்று கேள்விப்பட்டதும், ஆர்டர் நிறைய இருக்கிறது, லோடு ஏற்ற வேண்டும் என்று சொல்லியனுப்பிவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். ஆம்பிளைகளுக்கு ஆர்டர் சரியான நேரத்தில் வந்துவிடும்.

என் மகளுக்கு அம்மைத் தடுப்பு குத்தியிருக்கவில்லை. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு கிடந்தது அதனால்தான். அம்மை குத்துகிறவர் தை மாதம் எங்கள் தெருவுக்கு வந்தார். குத்தினால் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் என்று மாமியார் அவளைத் தூக்கி, நாங்கள் வீட்டில் ஒட்டிக் குவித்திருந்த தீப்பெட்டிக் கூடுகளுக்குப் பின்னால் படுக்கப் போட்டுவிட்டு, இந்த வீட்டில் பிள்ளையே இல்லை என்று சொல்லியிருக்கிறார். நான் தண்ணீருக்குப் போயிருந்தேன். எப்போதும் தண்ணீருக்குத்தான் போயிருப்பேன்.

அம்மை கண்ட வீட்டில் சட்டதிட்டம் அதிகம். தாளிக்கக் கூடாது. வெளியாள் வரக்கூடாது. வெளுக்கத் துணி போடக்கூடாது. சரி, வெளியாள் வராதது நல்லதுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் எதையும் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்யக் கூடாது என்பதும் அந்தச் சட்டத்தில் இருந்தது. கொழுந்தனுக்கு விரித்திருந்தது மாமியாரின் பழைய சுங்குடிச் சேலை. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்தது, கொப்புளத்தை உறுத்தாது. அதில் சீழும் நீரும் ஊறி நாறும். அதை நான் பச்சைத் தண்ணீரில் மஞ்சள் கரைத்து அலசிக் காயப்போட வேண்டும். வீட்டுக் கிணறு உப்பு. சோப்பு நுரைக்காது. நல்ல தண்ணீருக்கு ஊருக்கு வெளியே நடக்க வேண்டும்.

பெட்டி ஒட்டுகிற வேலையை நிறுத்தியிருந்தோம். பசை காய்ச்சுகிற பெரிய சட்டி சும்மா கிடந்தது.

"அத்தை, இந்தச் சட்டியில போட்டு ஒரு கொதி கொதிக்க வச்சு எடுத்துருவமா?"

"ஆத்தா மேல கொதிதண்ணி ஊத்தப் போறியா? உடம்பெல்லாம் வெந்து கிடக்கான். இன்னும் வேகவைக்கணுமா உனக்கு?"

"துணியத்தான சொன்னேன்."

"துணியிலயும் அவதான் இருக்கா."

துணியில் இருக்கிறது என்றுதானே நானும் சொன்னேன். அவர் ஆத்தா என்றார், நான் நோய் என்றேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்றைக்கே சொல்லிவிட்டேன். "உங்க மகன நீங்க பாருங்க அத்தை. பால் குடுக்கிறவ நான். அந்த அறைக்குள்ள வரமாட்டேன்."

"நல்லாருக்கு தாயி. மகாராணிக்குத் தனி அரண்மனை."

மகாராணிதான் துணி அலசினாள். ஒவ்வொரு தடவை அலசி முடித்ததும் தலையோடு குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தொடுவேன். அவள் பசியில் கத்துவாள். எனக்குப் பால் கட்டி வலிக்கும். ஈரத் தலை காய்வதற்குள் அடுத்த துணி வந்துவிடும். அந்த நாட்களை நினைத்தால் எனக்குப் பக்தியும் வருவதில்லை, கண்ணீரும் வருவதில்லை. தோள்பட்டை வலிதான் ஞாபகம் வருகிறது.

உள்ளேயிருந்து கொழுந்தன் கூப்பிடுவான். "மதினி, நான் செத்தா என் சைக்கிள அண்ணனுக்குக் குடுத்துறாதீக."

"நீங்க சாக மாட்டீக. நாறுறீக, அம்புட்டுதான்."

சிரிக்கப் பார்ப்பான். உதட்டில் கொப்புளம், சிரிக்க முடியாது.

பிழைத்துவிட்டான். அம்மை இறங்கியவனுக்குத் தலைக்கு ஊற்றுகிற மூன்றாம் தண்ணீரும் ஊற்றியாயிற்று. முகமெல்லாம் பொருக்கு உதிர்ந்துகொண்டிருந்தது. அன்றைக்கு நான் தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடமாக வந்தபோது, கூடத்து விட்டத்தில் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. சுங்குடிச் சேலைத் தொட்டில். உள்ளே என் மகள் சேலை மடிப்பை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு கிடந்தாள்.

"ஆத்தா படுத்து எந்திரிச்ச சேலை தாயி," என்றார் மாமியார். "என் மகனத் திருப்பிக் குடுத்த சேலை. இதுல கிடந்தா பிள்ளைய ஒண்ணும் அண்டாது."

பிரியமாகத்தான் சொன்னார். எனக்கு அதுதான் இன்னும் ஆத்திரம்.

பிள்ளையைத் தூக்கி, கொண்டுவந்த நல்ல தண்ணீர் முழுவதையும் ஊற்றிக் கழுவினேன். தொட்டிலை அவிழ்த்து அடுப்பில் திணித்தேன். மாமியார் அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அவ வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"நான் எரிச்சேன்னு சொல்லுங்க. என் பேரச் சொல்லுங்க."

உடுத்தியிருந்த ஈரச் சேலையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மை குத்துகிறவரைத் தேடிப் போனேன். அவருக்கு எங்கள் வீடு ஞாபகம் இருந்தது.

"உங்க வீட்டுல பிள்ளையே இல்லன்னாகளே?"

"இப்ப இருக்கு. குத்துங்க."

சேலைக் கதையைச் சொன்னேன். பிள்ளையின் கையில் கீறி மருந்தைத் தேய்த்தார். "அம்மை முந்துதா, இந்த மருந்து முந்துதான்னு பாப்போம். வேற என்னத்தச் சொல்ல," என்றார்.

சில நாளில் கை வீங்கியது. காய்ச்சல் அனலாக அடித்தது. மாமியார் வேப்பிலையைக் கொண்டுவந்து பிள்ளையைச் சுற்றிப் பரப்பினார். "வந்துட்டா பாரு," என்றார். நான் விடிந்ததும் பிள்ளையை வெளிச்சத்துக்குத் தூக்கிப்போய் நெற்றி, உள்ளங்கை, உள்ளங்கால் என்று பார்ப்பேன். அம்மை முத்து ஏதாவது தெரிகிறதா என்று தடவுவேன். வேர்க்குரு இருந்தால்கூட எனக்கு உயிர் போய் உயிர் வரும்.

கையில் குத்திய இடத்தைத் தவிர வேறெங்கும் வரவில்லை. காய்ச்சல் இறங்கியது. அங்கே மட்டும் பொருக்குத் தட்டி உதிர்ந்து தழும்பானது. அந்தத் தழும்பு அவள் கையில் இன்றும் இருக்கிறது.

"ஆத்தா மன்னிச்சுட்டா," என்றார் மாமியார். "வெள்ளிக்கிழமை மாவிளக்கு எடுக்கணும். எம்புட்டு நல்ல சேலை அது. சண்டாளி, எரிச்சிட்டியே."

கடைசிவரை அவர் அப்படித்தான் நம்பினார். வாதாட எனக்குத் தெம்பில்லை. மாவிளக்கு என்றால் அரிசி ஊறப்போட வேண்டும், வீடு கழுவ வேண்டும், குடம் காலியாகக் கிடந்தது. குடத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, மகளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனேன்.

"வெயிலு கொளுத்துது, பிள்ளைய விட்டுட்டுப் போயேன்," என்று மாமியார் பின்னாலேயே வந்தார்.

விடவில்லை. அவள் நடக்கப் பழகும்வரை ஒரு நாளும் விட்டுவிட்டுப் போகவில்லை.