மண்ணூர்பேட்டையில் ஒரு சொம்பு நீராகாரம்

1. போன மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை, மண்ணூர்பேட்டையில் ஒரே தெருவிலிருந்து பலர் வாந்தி, வயிற்றுப்போக்கோடு மருத்துவமனைக்கு வந்தார்கள்.

2. பொதுச் சுகாதார மேற்படிப்பில் பயிற்சி மருத்துவரான என்னைச் செவ்வாய்க்கிழமை அங்கே அனுப்பினார்கள். நோய் எதிலிருந்து பரவுகிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை.

3. புதன்கிழமை காலரா என்று உறுதியானது.

4. அன்று மாலை, ஏழு மாதக் கர்ப்பிணி ஸ்டெல்லாவை ஆம்புலன்ஸில் ஏற்றினோம். அவள் நாடி என் விரலுக்குக் கிடைக்கவில்லை.

"குடிக்க என்ன தண்ணீர்?" என்று வீடு வீடாகக் கேட்டிருந்தேன். எல்லோரும் சொன்னது கேன் தண்ணீர். தெரு அடிபம்புக்கு வரும் குழாய்த் தண்ணீரில் குளோரின் இல்லை. ஆனால் அதை யாரும் குடிப்பதில்லையே! ஆகவே கேன் நிரப்பும் இடத்தைச் சோதித்தோம். அங்கே எல்லாம் சுத்தம். நோயாளிகளோ வந்துகொண்டே இருந்தார்கள். "வேற எதைம்மா விட்டுட்டோம்?" என்றார் என் பேராசிரியர்.

வியாழக்கிழமை உபவாசம் இருந்தேன். ஸ்டெல்லாவுக்குச் சிறுநீர் இறங்கவில்லை என்று வார்டிலிருந்து போன் வந்தது. சிறுநீரகம் செயலிழப்பதன் அறிகுறி அது. தெருவில் நின்றபடியே, முகக்கவசத்துக்குள் ஜெபித்தேன்: "ஆண்டவரே, நான் கேட்காமல் விட்டதை நீரே காட்டும்."

"இன்னா டாக்டரம்மா, மூஞ்சி வாடிக் கீது?" ஸ்டெல்லாவின் மாமியார் லில்லி அக்கா வாசலிலிருந்து கூப்பிட்டார். "ஒரு சொம்பு நீராகாரம் குட்சிட்டுப் போ."

"இன்னிக்கு உபவாசம்க்கா."

"நீயும் படுத்துக்கினா எங்கள யாரு பாக்கறது?"

பேசிக்கொண்டே, மதியம் மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றினார். அடிபம்பில் பிடித்துவந்த குடத்திலிருந்து.

"அக்கா, கேன் தண்ணின்னு சொன்னீங்களே?"

"குடிக்கத்தாம்மா கேன். சோத்துல ஊத்தறதுக்கு யாராச்சும் கேன் வாங்குவாங்களா? நல்லா கேட்ட போ!"

"ஸ்டெல்லாவுக்கும் இதானா?"

அவர் சிரிப்பு நின்றது. "வயித்துக்குக் குளிர்ச்சின்னு தெனம் காலைல நான்தாம்மா குடுத்தேன்."

அடுத்தடுத்த வீடுகளில் ஓடி ஓடிக் கேட்டேன். நோய் கண்ட வீடுகளில் எல்லாம் அடிபம்புத் தண்ணீரில் ஊறிய பழைய சோறு. இருட்டுவதற்குள் பம்பின் கைப்பிடியைக் கழற்றினோம். தோண்டிப் பார்த்தபோது, வெடித்த குழாய்க்குள் கழிவுநீர் கசிந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஸ்டெல்லாவுக்குச் சிறுநீர் இறங்கியது. குழந்தையின் இதயத்துடிப்பைக் காதில் கேட்டபோதுதான் அழுதேன். கர்த்தருக்கே நன்றி.

தற்செயல் என்று சிலர் சொன்னார்கள். நான் ஜெபித்தேன், அவர் காட்டினார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இப்போது ஜெபிக்காமல் எந்த வீட்டுக் கதவையும் நான் தட்டுவதில்லை. படிப்பும் அனுபவமும் கைவிட்ட இடத்தில் நிற்கிற சகோதரரே, சகோதரியே, அங்கேயே நின்று அவரைக் கேளுங்கள்.

அந்தத் தெருவில் யாரும் இறக்கவில்லை. ஸ்டெல்லாவுக்குப் பெண் குழந்தை, இருவரும் நலம். புதுக் குழாய் பாதித் தெருவரை வந்திருக்கிறது. மீதி வீடுகளுக்கு லாரித் தண்ணீர்தான்.