குரங்குக் காய்ச்சலும் என் வீட்டுக்காரரின் வீராப்பும்

திருவொற்றியூரில் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். சில வருடங்களுக்கு முன் கர்நாடகாவில் சிவமொக்கா பக்கம் ஒரு காட்டோர ஊருக்கு மரம் ஏற்றப் போனார். லோடு தாமதமானதால், வழக்கம்போல் மரத்தடியில் தார்ப்பாயை விரித்துப் படுத்துவிட்டார். அங்கே குரங்குகள் செத்து விழுகின்றன, அவற்றின் உண்ணி கடித்தால் காய்ச்சல் வரும், தரையில் படுக்காதே என்று ஊர்க்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

"எண்ணூர் கம்பெனி பொகையிலயே சாவாத ஆளு நானு, இத்தினியூண்டு பூச்சிக்கா பூடுவேன்?" என்றாராம் இந்த மகாவீரர். அதை வீட்டுக்கு வந்து என்னிடம் பெருமையாக வேறு சொன்னார்.

நாலே நாளில் காய்ச்சல் அனலாகக் கொதித்தது. உடம்பு வலியில் புரண்டார், ஈறில் ரத்தம் கசிந்தது. "வெளியூர் எங்கேயாவது போனீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல சார், இங்க பக்கத்துல மணலி வரைக்கும்தான்" என்றார். பூச்சியிடம் தோற்றதைச் சொல்ல வெட்கமாம்!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொய் சொல்றாரு டாக்டர். கொரங்கு செத்துக் கெடக்குற காட்டுல தூங்கிகினு இருந்தவரு இவரு!"

மலேரியா மாத்திரை எழுதிய சீட்டை டாக்டர் கிழித்துப் போட்டுவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். குரங்குக் காய்ச்சலேதான். தனி மருந்து கிடையாதாம். மூன்று வாரம் கிடந்து பிழைத்தார்.

இப்போதெல்லாம் அவர் வெளியூரிலிருந்து வந்தால், லுங்கியும் போர்வையும் வாசலிலேயே வெந்நீரில் விழும். டாக்டரிடம் பேசுவது நான்தான். அவர் வாயைத் திறப்பது நாக்கைக் காட்ட மட்டுமே.