கொர்வெட்டின் வாசற்படி

கார் ஓட்டப் பழக்குவது, நம் உயிரை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, "நல்லாத்தான் ஓடுறியள்" என்று வாய் நிறையச் சொல்லவேண்டிய தொழில். தொண்ணூறுகளில் கனடாவின் ஸ்காபரோவில் நான் செய்த தொழில் அது. பக்கத்துச் சீற்றில் எனக்கென்று ஒரு பிரேக் உண்டு; மற்றதெல்லாம் கடவுள் விட்ட வழி. இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கும், மனைவிக்கோ மகனுக்கோ கார் பழக்கப்போய் வீட்டில் சண்டை வாங்கியவர்களுக்கும் என் பாடு புரியும்.

என்னைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். என் இடது முழங்கால் மடங்காது. போர்க்காலத்தில் ஊரில் விழுந்த ஷெல்லின் உபயம். வலது கால் நன்றாக இருப்பதால் ஓட்டோமற்றிக் கார் ஓட்ட எனக்கு ஒரு குறையும் இல்லை. மற்றது, எனக்குக் கொர்வெட் என்றால் பைத்தியம். நீண்ட மூக்கு, வேண்டும்போது மட்டும் எழும்பிக் கண் திறக்கும் முன்விளக்குகள், இரண்டே இரண்டு சீற் உள்ள அமெரிக்கக் கார். ஆனால் அதன் கதவைத் திறந்தால், அடியில் அகலமான விளிம்பு ஒன்று வாசற்படி மாதிரி உயர்ந்து நிற்கும். காலை நன்றாக மடக்கி அதைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். அந்தக் காரை அடியோடு மாற்றிப் புதிதாகச் செய்யப்போகிறார்கள் என்று கார்ச் சஞ்சிகைகள் வருடாவருடம் எழுதின. வருடாவருடம் அது தள்ளிப்போனது. ஊரெல்லாம் புது எஞ்சினுக்காகக் காத்திருந்தது. நான் அந்தப் படி உயரம் குறைந்து பதிவதற்காகக் காத்திருந்தேன்.

பின்சீற் இல்லாத சுகம்

என்னிடம் கார் பழகிய பவளமக்கா, ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் இருந்தார். அவருக்கு வீதியில் பயமில்லை, பஸ்ஸில் பயமில்லை, பின்சீற்றில் இருக்கும் கணவரில்தான் பயம். அண்ணை ஒரு வகுப்புக்கும் தவறாமல் வந்து பின்னால் ஏறிவிடுவார். நான் "மெதுவாப் போங்கோ" என்றால், அவர் "ஏன் ஊருறீர், அமத்தும்" என்பார். மார்க்கம் வீதிச் சந்தியில் ஒருநாள் நான் இடம் என்க, அவர் வலம் என்க, இரண்டு பேரையும் திருப்திப்படுத்தப் பார்த்த அக்கா நடுச்சந்தியில் காரை நிறுத்தியேவிட்டார். நாலு திசையிலிருந்தும் ஹோர்ன் அடித்து எங்களை வாழ்த்தினார்கள்.

ஒருவழியாகக் கடையோரம் நிறுத்தினோம். அண்ணை லொத்தர் ரிக்கற் வாங்க இறங்கிப் போனார். அக்காவின் கண் என் சஞ்சிகையில் இருந்த கொர்வெட் படத்தில் விழுந்தது. "உதென்ன கார் தம்பி, ரெண்டு பேர்தான் இருக்கலாமோ? அரிசி மூட்டையை எங்கை வைக்கிறது?" என்றார். வீட்டில் என் மனைவி கேட்ட அதே கேள்வி. நான் விட்டுக்கொடுக்கவில்லை. "கார் பழக்க எத்தினை சீற் அக்கா வேணும்? உங்களுக்கு ஒண்டு, எனக்கு ஒண்டு. பின்சீற் இருக்கிறபடியால்தானே அண்ணை ஏறுறவர்?" என்றேன். அக்கா கண்ணாடியில் காலியான பின்சீற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அப்ப கெதியா வாங்கும் தம்பி, முதல் ஆளா நான் வாறன்."

டோனற் கடை மாநாடு

ஞாயிறு பின்னேரங்களில் வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையில் ஒரு டோனற் கடையில் கோப்பி குடிப்பேன். அதன் வாகனத் தரிப்பிடத்தில்தான் கொர்வெட்காரர்கள் கூடுவார்கள். மூக்கு மூடியைத் திறந்து வைத்துவிட்டு, வரப்போகும் காருக்கு நிபந்தனை போடுவார்கள். எட்டுச் சிலிண்டருக்குக் குறையக் கூடாது. பின்விளக்குகள் நாலும் வட்டமாகவே இருக்கவேண்டும். முன்விளக்கு ஒளிந்துதான் இருக்கவேண்டும். மாப்பிள்ளை வீட்டார்கூட இவ்வளவு கேட்கமாட்டார்கள். கூரை போடும் வேலை செய்து ஓய்வு பெற்ற கென் என்ற பெரிய உடம்புக்காரர்தான் அவர்களுக்குத் தலைவர். ஒருநாள் என்னிடமும் கேட்டார்கள், உனக்கு என்ன வேண்டும் என்று. "அந்தப் படி பதியவேண்டும்" என்றேன். சிரித்தார்கள்.

"எங்கே, ஏறிப் பார்" என்று கென் தன் சிவப்புக் காரைத் திறந்துவிட்டார். வலது காலை வைத்தேன். இடுப்பை இறக்கினேன். இடது கால் மட்டும் வெளியே கட்டை மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. அந்த நேரம் பார்த்து என் அடுத்த மாணவி வந்து நின்று, ஆசிரியர் கார் ஏறும் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் இரண்டு பேர் கமக்கட்டில் பிடித்து என்னை வெளியே எடுத்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு கென் சொன்னதைக் கேட்டதும் வெட்கம் போய்க் கோபம் வந்தது. அவர் ஆங்கிலத்தில் சொன்னது தமிழில் இதுதான்:

"இதற்குள் ஏறக் கஷ்டமாகத்தான் இருக்கவேண்டும், நண்பா. எல்லோரும் ஏறினால் பிறகு இது என்ன கொர்வெட்?"

ஒட்டாத காந்தம்

எங்கள் பயிற்சிப் பள்ளியின் முதலாளி மணியண்ணை. நான் ஒருநாள் கொர்வெட்டில்தான் வகுப்பு எடுப்பேன் என்று பள்ளி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தது அவர் காதுக்கும் போனது. அடுத்த ஞாயிறு அவரே டோனற் கடைக்கு வந்தார். கையில் எங்கள் பள்ளியின் பெயர்ப்பலகை. அடியில் காந்தம் உள்ளது. காரின் கூரையில் வைத்தால் அட்டை போல ஒட்டிக்கொள்ளும், பனிப்புயலிலும் கழலாது. கென்னிடம் மரியாதையாக அனுமதி கேட்டு, அதைச் சிவப்புக் காரின் கதவில் வைத்தார். பலகை வழுக்கிக்கொண்டு போய் நிலத்தில் விழுந்தது. மூக்கில் வைத்தார். அங்கிருந்தும் விழுந்தது. அந்தக் காரின் உடம்பு இரும்பல்ல, ஃபைபர் கிளாஸ். எனக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் பெயர்ப்பலகையைப் பற்றி நான் யோசித்திருக்கவில்லை.

கொர்வெட்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் அசரவில்லை. "கயிறு கட்டி வைப்பன் அண்ணை" என்றேன். மணியண்ணை பலகையைத் துடைத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"காந்தமே ஒட்டாத கார் ஐசே, உமக்கு எப்பிடி ஒட்டும்?"

திருட்டுப் படம்

ரம்யா ஹைஸ்கூல் கடைசி வருடம் படித்தாள். டோனற் கடையில் என் அவமானத்தைப் பார்த்தவள் அவள்தான். அதைப் பற்றி ஒருநாளும் கதைக்கவில்லை. ஆனால் ஒருநாள் வகுப்புக்கு வரும்போது புதிதாக வந்த கார்ச் சஞ்சிகை ஒன்றைக் கொண்டுவந்து தந்தாள். அதில், பரீட்சார்த்தமாக ஓடிய புதிய கொர்வெட்டை யாரோ ஒளிந்திருந்து எடுத்த படம். மூக்கிலிருந்து வால் வரை கறுப்புத் துணியால் போர்த்தியிருந்தார்கள். காரை நிறுத்தச் சொல்லிவிட்டு, நான் அந்தப் படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன், தூரப் பிடித்துப் பார்த்தேன். கதவு மூடியிருந்தது. கதவுக்குக் கீழே எவ்வளவு உயரம் மிச்சம் என்று விரலால் அளந்தேன். சில்லின் உயரத்தோடு ஒப்பிட்டேன். குறைந்த மாதிரியும் இருந்தது, குறையாத மாதிரியும் இருந்தது.

"துணி போர்த்தினபடியால் தெரியேல்லை" என்று எரிந்து விழுந்தேன், பாவம், அவள்மேல். ரம்யா ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு சொன்னாள்:

"எவ்ரிபடி எஞ்சினைத்தான் பாக்கினம் அங்கிள், நீங்கள் மட்டும் டோர்ஸ்டெப்பைப் பாக்கிறியள். பட் யூ நோ வட், உள்ளுக்கு ஏற ஏலாட்டி எஞ்சின் இருந்தென்ன!"

மாசி மாதத்துக் கூட்டம்

தொண்ணூற்றேழு மாசியில், நகர நடுவில் நடந்த கார்க் கண்காட்சிக்குப் புதிய கொர்வெட் வந்தது. லைசென்ஸ் எடுத்துவிட்ட பவளமக்கா, "நானே ஓடிக் கூட்டிக்கொண்டு போறன்" என்று தன் வான் வண்டியில் வந்து இறங்கினார். பின்சீற்றில் அண்ணை. "வேகத்தைக் குறையும்" என்று அவர் பின்னாலிருந்து சொல்ல, நான் முன்னாலிருந்து இல்லாத பிரேக்கை மிதிக்க, அக்கா இருவரையும் கவனியாமல் நெடுஞ்சாலையில் பறந்தார். கண்காட்சியில் நீண்ட வரிசை. கென்னும் கூட்டமும் எனக்கு முன்பே வந்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள். பின்விளக்குகள் வட்டமாக இல்லையாம், முட்டை மாதிரி நீண்டுவிட்டதாம். பின்பக்கம் பருத்துவிட்டதாம். என் முறை வந்தது. காருக்குப் பொறுப்பாக நின்ற பெண் என் காலைப் பார்த்தாள். "பக்கத்தில் நின்று படம் எடுக்கிறீர்களா?" என்று அன்பாகத்தான் கேட்டாள். "படம் எடுக்க நான் வரவில்லை, ஏற வந்தேன்" என்றேன்.

கதவைத் திறந்ததும் படியைத்தான் பார்த்தேன். பதிந்திருந்தது. வலது காலை வைத்தேன். இருந்தேன். இடது காலை இரண்டு கையாலும் தூக்கினேன். குதி விளிம்பில் ஒருமுறை உரசியது, பிறகு கால் முழுதாக உள்ளே வந்து, முன்னால் இருந்த நீளமான பள்ளத்தில் சுகமாக நீண்டுகொண்டது. நானே கதவை இழுத்துச் சாத்தினேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க நான் முயலவும் இல்லை. வரிசை முணுமுணுத்தது, நான் இறங்கவில்லை. கென் யன்னல் பக்கம் குனிந்து, "அந்தப் பின்விளக்கைப் பார்த்தாயா?" என்று அழாக்குறையாகக் கேட்டார். "உள்ளே இருக்கிறவனுக்குப் பின்விளக்கு தெரியாது, கென்" என்றேன்.

ஆசை தீர இருந்துவிட்டுத்தான் இறங்கினேன். எனக்குப் பின் கென் ஏறினார். அந்தப் பெரிய உடம்போடு ஏறியவர், கதவைப் பிடித்து ஒரு எழும்பலில் வெளியே வந்துவிட்டார். வந்தவர் அந்தப் படியையே பார்த்துக்கொண்டு நின்றார். தன் கூட்டத்தார் தூரத்தில் நிற்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு என் காதுக்குக் கிட்ட வந்து சொன்னார்:

"கூரைவேலை என் முழங்கால் இரண்டையும் தின்றுவிட்டது, நண்பா. என்னுடைய சிவப்புக் காரிலிருந்து இறங்க எனக்கு என் மனைவிதான் கை கொடுக்கிறாள்."

அந்தக் காரை நான் இன்றுவரை வாங்கவில்லை; ஆனால் நான் வாங்காததற்குக் காரணம் உங்களுக்கும் எனக்கும் பொதுவான காசில்லாக் குறைதானே தவிர, என் முழங்கால் அல்ல.