நீல ஐசி

மருத்துவமனையிலிருந்து வந்த அறுவைச் செலவு மதிப்பீட்டுத் தாளைத் தவமணி மூன்றாம் முறையாகப் படித்தாள். தொகை இருந்த இடத்தை விட்டுவிட்டு, அதற்கு மேலே இருந்த ஒற்றைச் சொல்லையே அவள் கண் சுற்றிச் சுற்றி வந்தது. 'குடிமகள்' என்று போட்டிருந்தார்கள்.

அவள் குடிமகள் இல்லை. மலேசியாவின் குளுவாங்கில் பிறந்தவள். இருபத்திரண்டு வயதில் பாலம் தாண்டி சிங்கப்பூர் வந்து, மின்னணுத் தொழிற்சாலையில் கண்ணுக்குத் தெரியாத கம்பிகளை ஒட்டினாள். நிரந்தரவாசம் கிடைத்து பதினெட்டு வருடம் ஆகிறது. இப்போது ஒரு பாலர் பள்ளியில் சமையல். குடியுரிமைப் படிவத்தை இரண்டு முறை வாங்கி வந்தும் பாதியோடு வைத்துவிட்டாள். வயதான காலத்தில் அக்காவோடு போய் இருக்க வேண்டும், அதற்கு அந்தப் பக்கத்துக் குடியுரிமை வேண்டுமே என்ற நினைப்புதான்.

கழுத்துக் கட்டியில் ஊசி போட்டுச் சோதனைக்குச் சதை எடுத்த அன்று அவளுக்குத் தொண்டை வலி, பேச முடியவில்லை. குளுவாங்கிலிருந்து துணைக்கு வந்திருந்த அக்கா பூங்கோதைதான் மருத்துவமனையிலிருந்து வந்த போனை எடுத்தாள்.

"ஏன்க்கா, அன்னிக்குப் போன்ல அவங்க என்ன கேட்டாங்க?"

"ஐசி, அதான் அடையாள அட்டை, என்ன கலர்னு கேட்டா. நீலம்னேன். சிட்டிசனான்னா. பின்னே, நீலம்னா சிட்டிசன்தானேன்னேன்."

"அது உங்க ஊர்லக்கா! இங்க சிட்டிசனுக்கு பிங்க். எனக்கு நீலம்."

பூங்கோதை வாயைப் பிளந்தாள். அவள் ஊரில் சிவப்பு அட்டைதான் நிரந்தரவாசிக்கு. நீலம் வைத்திருப்பவன் நெஞ்சை நிமிர்த்தி நடப்பான்.

"அங்க நீலம்னா ராஜா, இங்க நீலம்னா விருந்தாளியா? நல்ல கூத்துடி. சரி, வாய மூடிக்கிட்டு இரு. அவங்களே போட்டதுதானே?"

தவமணி தாளை மடித்து வைத்தாள். பொய் சொல்லிச் சலுகை வாங்கினாள் என்று அட்டையைப் பிடுங்கிவிட்டால்? உண்மையைச் சொன்னால் குடிமக்களுக்கான சலுகை போய்த் தொகை ஏறும். கட்ட முடியாமல் அறுவையைத் தள்ளிப் போட்டால், கட்டி அதுவரை சும்மா இருக்குமா? சாமி படத்துக்கு முன் நின்றாள். என்ன கேட்பதென்று தெரியவில்லை. முருகா என்றதோடு நின்றுவிட்டது.

மறுநாள் காலை மருத்துவமனையின் பணக் கவுன்டரில் ரோஹாயா என்ற மலாய்க்காரப் பெண் இருந்தாள். அக்காவோடு போயிருந்த தவமணி அட்டையை மேசைமேல் வைத்தாள். மலாயிலேயே சொன்னாள்.

"இதப் பாருங்க. நான் பிஆர், நிரந்தரவாசிதான். தாள்ல தப்பா இருக்கு. எங்க அக்கா மலேசியா. கலர் மாத்திச் சொல்லிட்டாங்க."

ரோஹாயா அட்டையைப் பார்த்தாள், பூங்கோதையைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கினாள்.

"எங்க மாமியாரும் மலேசியாதான், ஜொகூர்க்காரங்க அக்கா. அவங்களும் இதே வம்புதான் பண்ணுவாங்க. நீங்க சொல்லலேன்னாலும் அட்மிஷன் அன்னிக்கு அட்டை நம்பரத் தட்டினதும் தெரிஞ்சிடும். அப்புறம் பில் வர்றப்பதான் மயக்கம் போடுவீங்க."

தட்டச்சு செய்தாள். தவமணி அவள் கையையே பார்த்தாள்.

"இதே வார்டுன்னா ரெண்டாயிரம் வெள்ளி கிட்ட கூடுதலா வரும்."

"என்கிட்ட கேக்காதீங்க, என் ரிங்கிட்டு மூணுக்கு மேல சேத்தாத்தான் உங்க ஒரு சிங்கப்பூர் வெள்ளி!" என்றாள் பூங்கோதை. குரலில் கேலி இருந்தது, முகத்தில் இல்லை.

"இதுக்கும் கீழ ஒரு வார்டு இருக்கில்ல?" என்றாள் தவமணி.

"இருக்கு. கட்டில் ஜாஸ்தி, சத்தமும் ஜாஸ்தி. டாக்டர் அதே டாக்டர்தான். அப்பவும் முன்னாடி போட்டதைவிட நானூறு கூடத்தான் வரும்."

நானூறு. தீபாவளிக்கு எடுத்து வைத்தது இருக்கிறது. மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பில் மீதியைப் பிடித்துக்கொள்வார்கள். அவள் மனம் அங்கேயும் நிற்கவில்லை.

"வார்டு மாத்தினா தேதி மாறுமா?"

"அது மாறாதுக்கா. பதினாலாம் தேதி, காலையில ஏழு மணிக்கு வந்துடுங்க. முதல் நாள் ராத்திரி பன்னெண்டுக்கு மேல ஒண்ணும் சாப்பிடக் கூடாது."

"அதையெல்லாம் இவகிட்ட சொல்லணுமா?" என்றாள் பூங்கோதை. "வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பட்டினி கிடக்குறவ!"

கீழ் வார்டுக்கே தவமணி கையெழுத்துப் போட்டாள். பதினாலாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.